கிறித்தவ சமயத்தில் உரையளவை

அளவைகள் பலவாக விரித்துரைக்கப்படினும், அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் அளவையியல் பயின்றார் அனைவரும் அறிந்ததே. இம்மூன்றனுள் ஏனை இரண்டிற்கும் எட்டாத பொருளை உணர்த்துவது உரையளவை. அவ்வுரை பிழையற்றது என்று கொள்ளுதற்கு ஏது, அதனை மொழிந்தோன் முற்றறிவுடையனாய், விருப்பு வெறுப்பு இலனாய் இருத்தலே. இத்துணையும் ஐயமில்லை. ஐயம் எழுவது அடுத்த படியிலேயாம். இந்நூல் முற்றறிவுடையோன் மொழிந்ததே என்று நாம் துணிவது எவ்வளவையால்?

காட்சியால் எனின், மொழிந்த காலத்து நாம் உடனிருந்து கேட்டிலேம். கருதலால் எனின், நூலுக்கு நம் கருதலே நடுவனாகி, உரை கருதலின் கீழ்ப்பட்டு முடியும். பிறிதோர் உரையால் எனின், அதற்கும் பிறிதோர் உரை வேண்டப்பட்டு வரம்பின்றி ஓடும். அந்நூலே தன்னை இறையுரை என்கின்றது எனின், அது தன்னைப் பற்றுதல் என்னுங் குற்றமாம். மறைநூல் உடைய சமயங்கள் யாவற்றிற்கும் இவ்வினா பொதுவாதலின், கிறித்தவர் இதற்கு இருபது நூற்றாண்டுகளாக யாங்ஙனம் விடை கண்டனர் என்பதை ஈண்டு ஆராய்வாம். அவர் கொள்கையை மறுத்தலும் நிறுவுதலும் இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. அவர் உள்ளத்தில் நிகழ்வதை உள்ளவாறு அறிதலே நோக்கம்.

தமிழ்நாட்டுச் சைவர் இதனை ஆராய்தற்குத் தனியே ஒரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் இளமையில் பேர்சிவல் பாதிரியாருக்கு உறுதுணையாய் நின்று கிறித்தவ வேதத்தைத் தமிழ்ப்படுத்த உதவினார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. ஒரு நூலை மொழிபெயர்ப்போன் அதன் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் பார்த்தும் நாவலர் அதனை இறையுரையாக ஏற்றிலர். தம் வாழ்நாளைச் சைவத்துக்கே உரிமையாக்கினார். அதே நூலை அவர் அறிந்ததில் நூறில் ஒரு பங்கும் அறியாதார் பலர் இறையுரையாக ஏற்றனர். ஆகவே நூலை அறிதல் வேறு, ஏற்றல் வேறு என்பது வெளிப்படை. அவ்வேறுபாடு யாது என்பதே ஈண்டைக்கு வினா.

1. நூலின் இயல்பு

முதற்கண், கிறித்தவர் தம் மறையைப்பற்றி யாது கூறுகின்றனர், யாது கூறுகின்றிலர் என்பதைத் தெளிதல் வேண்டும். மீமாஞ்சகர் வேதத்தை ஒருவராலும் செய்யப்படாதது என்பர். சைவர் வேதாகமங்களை இறைவன் அருளிச்செய்தான் என்பர். கிறித்தவரோ தம் நூலை மக்கள் எழுதினர் என்பதையும், இறைவனே அதன் ஆசிரியன் என்பதையும் ஒருங்கே கூறுவர். அது தனி ஒரு நூலும் அன்று. எபிரேயத்திலும், சிறுபகுதி அரமேயத்திலும், கிரேக்கத்திலும் பல நூற்றாண்டுகளாக எழுந்த நூல்களின் தொகுதி. பிராடெஸ்டாண்டார் அறுபத்தாறு நூல்களையும் கத்தோலிக்கர் எழுபத்துமூன்று நூல்களையும் கொள்வர். புதிய ஏற்பாட்டு நூல்கள் இருபத்தேழு என்பதில் இருவரும் ஒத்தவரே.

ஆசிரியர் இருவர் எனின், ஒருவர் வாய்மொழிய மற்றவர் கை எழுதியதோ என்னும் ஐயம் எழும். அங்ஙனம் கருதினாரும் முற்காலத்து உளர். ஆயினும் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, எழுதிய மாந்தரும் தத்தம் ஆற்றலையும் திறத்தையும் பயன்படுத்திய உண்மையான ஆசிரியரே என்றும், அவர் வாயிலாக இறைவன் தான் கருதியதை எழுதுவித்தான் என்றும் வகுத்துரைத்தது. மேலும், கிறித்தவருக்கு இறைவனது முழுமையான வெளிப்பாடு நூல் அன்று. இயேசு கிறித்து என்னும் திருமேனியே. நூல் அவ்வெளிப்பாட்டிற்குச் சான்று. இதனை மறந்து அவர் நூலை ஆராய்வோர், சுட்டப்பட்ட பொருளை விடுத்துச் சுட்டிய விரலையே நோக்குவோர் ஆவர்.

2. தெசலோனிக்கேயும் பெரோயாவும்

மறையை ஏற்றல் என்பதற்குப் பழைய சான்று, தெசலோனிக்கே நகரத்தாருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம். கி.பி. 50 அல்லது 51ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட இதுவே புதிய ஏற்பாட்டு நூல்களுள் காலத்தால் முந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. தெசலோனிக்கே அந்நாளில் உரோமரது மக்கெதோனிய மாகாணத்தின் தலைநகர். அங்குப் பவுல் சிலகாலமே போதித்தார். கலகம் மூளவே இரவோடிரவாக நீங்கினார். பின்னர்த் தீமோத்தேயு அவ்வூர் சென்று மீண்டு, அவர் தளராது நிற்கின்றனர் என்ற செய்தி கொணர்ந்தபோது, மகிழ்ந்து இதனை எழுதினார்.

அந்நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தாம் உரைத்த சொல்லை அவர் மனிதச் சொல்லாகக் கொள்ளாது இறைவன் சொல்லாகவே கொண்டமைக்கும், அது நம்பினாரிடத்தில் செயற்படுகின்றமைக்கும் பவுல் இறைவனுக்கு நன்றி கூறுகின்றார். ஈண்டு மூன்று செய்திகள் உற்று நோக்கற்பாலன.

ஒன்று: அவர் ஏற்றது ஏட்டை அன்று. கூடாரம் செய்து பிழைக்கும் அயலூரான் ஒருவன் வாய்மொழியை. அன்று புதிய ஏற்பாடு என்னும் தொகுதியே இல்லை. ஆகவே ஏட்டின் தொன்மையோ பெருமையோ அவர்க்கு ஏதுவாகவில்லை.

இரண்டு: ஏற்றலைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் இரு வினைச்சொற்கள் உள. பரலம்பானோ என்பது ஒருவர் ஒப்படைப்பதைக் கையேற்றல். தெகோமாய் என்பது வாயிலில் வந்தாரை விருந்தென வரவேற்றல். செவியில் வாங்குதல் முன்னது. உள்ளத்துள் இடங்கொடுத்தல் பின்னது. முன்னது நிகழ்ந்தும் பின்னது நிகழாமை கூடும். பண்டங்களைக் கடைத்தெருவில் வாங்குகின்றோம். அவற்றுக்கு எழுந்து நின்று இருக்கை அளிப்பதில்லை. விருந்தினரை ஏற்றபின்னரோ வீட்டின் ஒழுங்கே மாறுகின்றது.

மூன்று: ஏற்கப்பட்ட சொல் வாளா இராது செயற்படுகின்றது என்பது. சொல் உண்மை என்பதற்குப் பவுல் காட்டும் அடையாளம் கேட்டாரது மாறிய வாழ்வே.

இனி, இது கேட்டதை எல்லாம் ஆராயாது விழுங்குதல் ஆகாதோ எனின், ஆகாது என்க. திருத்தூதர் பணிகள் என்னும் நூல், பவுல் அடுத்துச் சென்ற பெரோயா நகரத்தாரைப்பற்றிக் கூறுகின்றது. அவர் ஆர்வத்தோடு கேட்டதோடு அமையாது, கேட்டவை மெய்யோ என்று நாடோறும் பழைய மறைநூல்களை ஆராய்ந்தனராம்; அதுபற்றி அவரைத் தெசலோனிக்கேயாரினும் மேலோர் என்று அந்நூல் பாராட்டுகின்றது. வரவேற்றலும் ஆராய்தலும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பது இவ்விரு நகரத்தாராலும் பெறப்படும்.

3. அகுஸ்தீன் கண்ட நெறி

ஏற்றல் நிகழுமாற்றை ஒருவர் வாழ்வில் வைத்துக் காண்பதற்கு அகுஸ்தீனைவிடச் சிறந்தார் அரியர். இன்றைய அல்சீரியாவில் உள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354இல் பிறந்தவர். தாயார் மோனிக்கா கிறித்தவர். பத்தொன்பதாம் வயதில் கார்த்தேசு நகரில் பயிலும்போது சிசரோவின் நூலொன்றைக் கற்று மெய்யறிவில் வேட்கை கொண்டு, கிறித்தவ மறையை எடுத்துப் படித்தார். சிசரோவின் நடைமுன் அது புன்மையுடையதாகத் தோன்றவே வெறுத்து வைத்துவிட்டார். நம்பு என்று கட்டளையிடாமல் காரணங்காட்டித் தெளிவிப்பேம் என்று கூறிய மானிக்கேயரிடம் சென்று ஒன்பதாண்டு அளவும் நின்றார். அவர் வாக்களித்த தெளிவு அங்குக் கிடைத்திலது.

மிலான் நகர் எய்திய பின் அம்புரோசு என்னும் ஆயரின் விரிவுரைகளைக் கேட்டார். முன்னர்ப் பொருந்தாதனவாகத் தோன்றிய பகுதிகளுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு என்பது அப்போது விளங்கியது. உடன் மற்றொன்றும் விளங்கியது. தாம் ஒருகாலும் காணாத நகரங்கள் உண்டு என்பதையும், இன்னாரே தம் பெற்றோர் என்பதையும் தாம் பிறர் உரையைக் கொண்டே துணிந்திருத்தலை எண்ணிப் பார்த்தார். உரையளவையை முற்றும் விலக்கினவன் உலகியலிலும் ஓரடி எடுத்துவைத்தல் இயலாது என்று கண்டார்.

எனினும் அறிவு இசைந்தும் வாழ்வு இசையவில்லை. 386இல் மிலானில் ஒரு தோட்டத்தில் மனம் நைந்து அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசி என்னும் கருத்துடைய ஒரு குழந்தைக் குரல் அண்டை வீட்டினின்றும் மீண்டும் மீண்டும் கேட்டது என்றும், பவுலின் நிருபத்தை எடுத்துக் கண்பட்ட பகுதியைப் படித்த அளவில் ஐயவிருள் நீங்கிற்று என்றும் அவரே தம் ஒப்புதல் நூலில் எழுதுகின்றார். மறுஆண்டு திருமுழுக்குப் பெற்றார். பின்னர் இப்போ நகரத்து ஆயராகி 430இல் மறைந்தார்.

பத்தொன்பது வயதில் வெறுத்த நூலும் முப்பத்திரண்டாம் வயதில் ஏற்ற நூலும் ஒன்றே. படித்தவரும் ஒருவரே. நூலில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆகவே ஏற்றலுக்குரிய காரணம் நூலிடத்து மட்டும் இருந்தது அன்று. படிப்போனிடத்தும் யாதோ ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும். அதனைப் பிற்காலத்தார் எவ்வாறு பெயரிட்டு வகுத்தனர் என்பதை இனிக் காண்பாம்.

4. திருச்சபையின் சான்றும் உட்சான்றும்

அகுஸ்தீன் தாமே ஓரிடத்தில், திருச்சபையின் ஆணை தம்மைத் தூண்டியிராவிடின் தாம் நற்செய்தியை நம்பியிருத்தல் இயலாது என்னும் கருத்துப்படக் கூறினார். இதனைப் பற்றிக்கொண்டு ஒருசாரார், நூல் இறையுரை என்பதைத் திருச்சபையின் சான்றாலேயே அறிகின்றோம் என்பர். வரலாறும் அதற்கு ஒருவாறு துணை செய்யும். கி.பி. 144ஐ ஒட்டி மார்க்கியோன் என்பவர் பழைய ஏற்பாட்டை முற்றும் விலக்கி, லூக்காவின் நற்செய்தியையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் தமக்கேற்பத் திருத்திக் கொண்டபோது, எவை மறைநூல்கள் என்று வரையறுக்கும் கடமை சபைக்கு நேர்ந்தது. இன்றுள்ள இருபத்தேழு நூல்களையும் அவ்வாறே எண்ணிக்காட்டிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் திருமுகம் 367ஆம் ஆண்டினது. 1546இல் திரெந்து சங்கம் மறைநூற் பட்டியலை ஆணையாக வெளியிட்டு, எழுதப்பட்ட நூலையும் எழுதாது வழங்கிவந்த மரபையும் ஒத்த வணக்கத்தோடு ஏற்பதாக அறிவித்தது.

அற்றேல், நூலினும் சபையே பெரிதாய் முடியுமன்றோ எனின், அற்றன்று என்பர் கத்தோலிக்கர். 1870இல் முதல் வத்திக்கான் சங்கம், மக்கள் முயற்சியால் ஆன நூல்களைப் பின்னர்ச் சபை ஒப்பியதனால் அவை தூயன ஆயின அல்ல. ஆவியின் ஏவலால் எழுந்து இறைவனை ஆசிரியனாக உடைமையாலேயே தூயன என்று தெளிவுறுத்தியது. பொன்னை உரைகல் காட்டும். உரைகல் பொன்னைப் பொன்னாக்குவதில்லை.

மற்றொரு சாரார் சீர்திருத்த நெறியினர். ஜெனீவா நகரில் 1559இல் முடிவான வடிவம் பெற்ற தம் பெருநூலின் முதற்பகுதியில் ஜான் கால்வின் இவ்வினாவையே எடுத்து ஆராய்கின்றார். ஒளியை இருளினின்றும், வெண்மையைக் கருமையினின்றும், இனிப்பைக் கைப்பினின்றும் எங்ஙனம் அறிகின்றோமோ, அங்ஙனமே மறை தன் உண்மையைத் தானே உணர்த்தும் என்பது அவர் கருத்து. அதனை உணரும் ஆற்றல் இயல்பாக மக்கட்கு இல்லை. அருளிச்செய்தாருள் பேசிய அதே தூய ஆவி கேட்பார் உள்ளத்தும் நின்று சான்று பகரவேண்டும். தொன்மை, முன்னறிவிப்புக்கள், அற்புதங்கள் முதலிய ஏதுக்களை அவர் முற்றும் தள்ளுகின்றிலர். அவை ஏற்றார்க்கு ஊன்றுகோலாமே ஒழிய, ஏலாதாரை ஏற்பிக்க வல்லன அல்ல என்பர்.

இவ்விரு சாராரும் முற்றும் முரணினர் போலத் தோன்றினும், அடியில் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். கத்தோலிக்கர் பெரிதும் போற்றும் தாமஸ் அக்குவினாசு (1225–1274) இதனை நுணுகி நோக்கினார். ஒரே அற்புதத்தைக் கண்டு, ஒரே போதனையைக் கேட்டாருள்ளும் சிலர் நம்புகின்றனர், சிலர் நம்புகின்றிலர். ஆதலின் புறக்காரணம் போதாது, இறைவனே உள்ளிருந்து அசைக்கும் அகக்காரணமும் வேண்டும் என்றார். நம்பிக்கையின் தொடக்கமே அருளின் செயல் என்று 529இல் கூடிய ஒராஞ்சு சங்கமும் முன்னரே அறுதியிட்டிருந்தது.

கட்புலன் காண்டற்குக் கதிரொளி உடன்நிற்றல் வேண்டும் என்பது நம் நூல்களிற் பயின்ற உவமை. அவ்வுவமையைக் கொண்டு நோக்குவார்க்கு இவர் விடை எளிதின் விளங்கும். காட்டும் ஒளியைக் காண்டற்குப் பிறிதோர் விளக்கு வேண்டாமையின் வரம்பின்றி ஓடுதல் என்னுங் குற்றம் இல்லை. நூல் மட்டும் தனக்குத் தானே சான்றாகாது, நூலை மொழிந்தோனே கேட்போனிடத்தும் நின்று உணர்த்துதலின் தன்னைப் பற்றுதலும் இல்லை. உரையின் மெய்ம்மை உரைத்தோன் அருளாலேயே அறியப்படும் என்பது இவர் கண்ட முடிபு.

5. தடையும் விடையும்

இங்கு வலிய தடையொன்று உண்டு. உட்சான்று என்பதை எவரும் தமக்கு உண்டு என்று கூறலாம். மாறுபட்ட இருவர் அங்ஙனம் கூறின் யாரை நம்புவது? இஃது ஏட்டுத் தடை அன்று. உயிர்களைப் பலிகொண்ட தடை. அமெரிக்க நாட்டில் அடிமை முறையைத் தாங்கினாரும் எதிர்த்தாரும் ஒரே மறையையே இறையுரையாக ஏற்றவர். அடிமைகள் தலைவர்க்குக் கீழ்ப்படிக என்னும் நிருபப் பகுதிகளை முன்னவர் காட்டினர். இறைவன் தன் சாயலில் மாந்தரைப் படைத்தான், எகிப்தில் அடிமைப்பட்டாரை மீட்டான் என்பவற்றைப் பின்னவர் காட்டினர். இவ்வழக்கினாலேயே மெதடிஸ்டு சபை 1844இலும் பாப்டிஸ்டு சபை 1845இலும் வடக்கு தெற்கெனப் பிளவுற்றன. தெற்குப் பாப்டிஸ்டு சபை தன் முன்னோர் அடிமை முறைக்குத் துணைநின்றமைக்கு மன்னிப்பு வேண்டியது 1995இலேதான்.

ஏற்றல் மட்டும் ஒருவனைப் பிழையினின்றும் காவாது என்பதை இவ்வரலாறு ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றது. இதற்குக் கிறித்தவ மரபினுள்ளேயே விடை இல்லாமல் இல்லை. கிறித்தவ போதனை பற்றிய தம் நூலில் அகுஸ்தீன் ஓர் அளவுகோலை வைத்தார். மறையை அறிந்தேன் என்பான் கொண்ட பொருள், இறைவனிடத்தும் பிறரிடத்தும் அன்பை வளர்க்காதாயின், அவன் மறையை இன்னும் அறிந்திலன் என்பதே அது. தெசலோனிக்கேயாரைப்பற்றிப் பவுல் கூறிய செயற்பாட்டையே அகுஸ்தீன் உரைகல்லாக ஆக்கினார் எனலாம்.

அவ்வுரைகல்லைக் கையில் எடுத்துக்காட்டினவர், அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ். 1845இல் வெளியான தம் வரலாற்று நூலின் பிற்சேர்க்கையில், அடிமையை வைத்திருக்கும் நாட்டின் கிறித்தவம் வேறு, கிறித்துவின் கிறித்தவம் வேறு, முன்னதை வெறுப்பதும் பின்னதை நேசிப்பதும் ஒன்றே என்னும் கருத்தை நிறுவினார். சவுக்கைப் பிடித்த கையில் இருந்த நூலையே சவுக்கடி பட்டவர் தம் விடுதலைக்குரிய இறையுரையாக ஏற்றனர். இருவருள் யார் ஏற்றவர் என்பதை நூலின் அட்டை காட்டாது, வாழ்வே காட்டும்.

இனி, வரலாற்றாராய்ச்சி எழுப்பும் தடை. 1670இல் ஸ்பினோசா, மறையைப் பிற நூல்களைப் போலவே மொழி, காலம், எழுதினோர் நிலை ஆகியவற்றை வைத்து ஆராய்தல் வேண்டும் என்றார். 1777இல் லெஸ்ஸிங், முன்னொரு காலத்து நிகழ்ச்சி பற்றிய செய்தி என்றும் உள்ள உண்மைக்கு மெய்ப்பு ஆகாது. இடையே தம்மால் தாண்டவொண்ணாத அகழி உண்டு என்றார். இவ்வாராய்ச்சி பலருடைய நம்பிக்கையை அசைத்தது மெய்யே. ஆயினும் அது செய்யவல்லது, நூல் எங்ஙனம் ஆயிற்று என்று காட்டுதலே. அதன்வழிப் பேசுவோன் யார் என்னும் வினா அதன் எல்லைக்கு அப்பாலது. யாழின் மரத்தையும் நரம்பையும் அளந்து முடித்தவன், வாசித்தவன் கருத்தை அறிந்தவன் ஆகான். 1919இல் உரோமர் நிருபத்துக்குக் கார்ல் பார்த் வெளியிட்ட உரை இவ்வெல்லையை நினைவூட்டியே பெரும் கிளர்ச்சி விளைத்தது. ஆராய்ச்சி வேண்டும்; அதனினும் கேட்டல் வேண்டும் என்பது அவர் துணிபு.

6. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், கிறித்தவர் மறையை இறையுரையாக ஏற்றல் என்பது கருதலின் முடிவும் அன்று, சபையின் ஆணைக்கு வாய்மூடி அடங்குதலும் அன்று என்பதும், நூல், சமூகம், ஆராய்ச்சி என்பன வாயிலாக நின்று இறைவன் உள்ளத்தை அசைத்தவழி நிகழும் வரவேற்பே என்பதும், அது மெய்யாதல் அன்பின் செயலால் அறியப்படும் என்பதும் பெறப்பட்டன.

இனி நாவலர்பால் மீள்வாம். அவர் அந்நூலை நேர்மையோடு மொழிபெயர்த்தார். அறிஞனால் ஆவது அத்துணையே. அதனை அவர் குறைவறச் செய்தார். ஏலாமை அவர் அறிவின் குறை என்பார்க்கு அக்குவினாசும் கால்வினும் இடந்தாரார். ஏற்பித்தல் இறைவன் செயல் என்பதன்றோ அவர் துணிபு. ஏற்றோரை அறியாமையால் ஏற்றனர் என்று இகழ்வார்க்கு அகுஸ்தீன் வாழ்வே மறுமொழி. எனவே பிற சமய நூலை ஆராய்வோர், சொல்லும் பொருளும் வரலாறும் பிழையற அறிதலைத் தம் கடமையாகக் கொள்க. பிறர் உள்ளத்தில் நிகழும் வரவேற்பைத் தம் அளவுகோலால் அளக்கப் புகாது அமைக.

இவ்வாராய்ச்சி முடிவில் நம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்பாமற் போகாது. நம் மறைநூல்களைக் கையேற்றல் நமக்குப் பிறப்பினாலும் மடங்களின் மரபினாலும் எளிதின் வாய்த்தது. ஓதுகின்றோம், உரை எழுதுகின்றோம், பிரமாணமாக எடுத்து வாதிடுகின்றோம். அவற்றை விருந்தென உள்ளத்துள் ஏற்றோமா? ஏற்றோமாயின் நம் வாழ்வில் அவை செய்தது யாது? உரையளவை கற்றார் ஒவ்வொருவரும் இதற்குத் தாமே விடை காண்பாராக.